பணிப்பதிவேட்டின்படி ஒரு சைக்கிள்

கொளஞ்சியப்பனின் உயரம் நூற்று எழுபத்து மூன்று சென்டிமீட்டர் என்று சொல்வது அவருடைய பணிப்பதிவேடு. அவராக வாயைத் திறந்து அப்படிச் சொன்னதில்லை. சொன்னவர்களை மறுத்ததும் இல்லை.

விஷயம் நடந்தது 1990இல். மஞ்சக்குப்பத்து அரசு அலுவலகம் ஒன்றில் ஒரே நாளில் மூன்று பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். மூவருடைய மச்சம், தழும்பு, உயரம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டிய தலைமை எழுத்தர், உயரம் அளக்கும் டேப்பை அரைமணி நேரம் தேடினார். பீரோவுக்கு மேலே தேடினார், அடியிலும் தேடினார். அதற்குள் சாப்பாட்டு வேளை நெருங்கிவிட்டது. வரிசையில் முதலில் நின்றவன் போலீஸ் வேலைக்கு முயற்சி செய்தவன் என்பதால் தன் உயரம் 173 என்று ஒப்பித்தான். தலைமை எழுத்தர் அதையே மூவருக்கும் எழுதி, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, வட்ட முத்திரை குத்தி, டிபன் பாக்ஸைத் திறந்தார். முத்திரை விழுந்த பிறகு கொளஞ்சியப்பனால் என்ன செய்ய முடியும்? வளரவும் முடியாது, வயது இருபத்து மூன்று.

இரண்டு வருடத்தில் கல்யாணப் பேச்சு வந்தது. நெல்லிக்குப்பத்துக் கரும்பு விவசாயி ஒருவரின் மகள் அமராவதி. கல்லூரியில் வாலிபால் ஆடியவள், உடற்கல்வி ஆசிரியைப் படிப்பு முடித்திருந்தவள். அவள் அப்பா சீர்வரிசை பற்றியெல்லாம் அதிகம் பேசவில்லை. அவருக்கு ஒரே நிபந்தனைதான். மாப்பிள்ளை பெண்ணை விட நாலு விரற்கடையாவது உயரமாக இருக்க வேண்டும். உயரம் போதாது என்று மூன்று பேரை ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தார். தரகர் கெட்டிக்காரர். மாப்பிள்ளையின் குறிப்பில் '173 செ.மீ., அரசுச் சான்று உள்ளது' என்று எழுதிக் கொடுத்தார். பெண்ணின் குறிப்பில் 163 என்று இருந்தது. பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கலாம். உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டுதான் முடித்தார்கள்.

பெண் பார்த்த அன்று காப்பியைக் கொடுத்ததும் அமராவதி சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். கொளஞ்சியப்பன் எழுந்திருக்கவே இல்லை. முகூர்த்தமும் உட்கார்ந்தபடி நடந்தது. வரவேற்பில்தான் இருவரும் சேர்ந்து நிற்க வேண்டி வந்தது. போட்டோகிராபர் ஒரு தடவை பார்த்தார், ஒரு மணைக்கட்டையை எடுத்துவந்து மாப்பிள்ளையின் காலடியில் தள்ளினார். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நல்ல அடக்கமான பெண் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. கொளஞ்சியப்பன் வெளியே கிளம்பினால் குதிகால் உயர்ந்த செருப்பு. அமராவதி கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அத்தனை பிள்ளைகளையும் நிமிர்ந்து நில் என்று அதட்டுகிறவளுக்கு லேசாகக் கூன் விழுந்திருந்தது. முதுகுவலி வேறு. ராத்திரி படுக்கப் போகுமுன் கொளஞ்சியப்பன்தான் தைலம் தேய்த்துவிடுவார். அந்த விஷயத்தில் அவர் தங்கமான மனிதர்.

அவர் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அமராவதி 163. மாமனார் பொய் சொல்லத் தெரியாத மனிதர். வீட்டுக்குள் செருப்பில்லாமல் நின்றால் அவளும் நானும் சமமாக இருக்கிறோம். அப்படியானால் என் உயரம் 163. பத்து சென்டிமீட்டர் பொய் சொல்லி ஒரு நல்ல குடும்பத்தை ஏமாற்றியிருக்கிறேன். இந்த எண்ணம் வரும்போதெல்லாம் அவர் இன்னும் கொஞ்சம் தைலம் எடுத்துத் தேய்ப்பார். பயப்பட ஒரு ஆளும் இருந்தார். அவர் அமராவதியின் அண்ணன் ராஜமாணிக்கம், சிதம்பரத்தில் கட்டிட கான்ட்ராக்டர். ஆறடி ஆள். எந்த விசேஷத்தில் பார்த்தாலும் கொளஞ்சியப்பன் தோள்மேல் கையைப் போட்டு, "என்னா மாப்ள, பேப்பர்ல பாத்த ஒசரம் ஆளுல காணோமே" என்பார். ஒரு தீபாவளிக்கு இடுப்பிலிருந்து டேப்பை உருவியே விட்டார். கொளஞ்சியப்பன் கழிவறைக்குள் போய் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பலகாரம் ஆறிப்போகும்வரை வெளியே வரவில்லை.

இப்படி இருந்த மனிதருக்கு 2011இல் சைக்கிள் பித்துப் பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலையில் தன் பழைய கறுப்பு சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவர் சத்தமே இல்லாமல் அவரைக் கடந்து போனார். அந்த ஆளுக்கு எழுபது வயதாவது இருக்கும். கொளஞ்சியப்பன் எழுந்து நின்று மிதித்தும் நெருங்க முடியவில்லை. வெள்ளைக்காரர் இளநீர் குடிக்க நின்றபோதுதான் பிடிக்க முடிந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்திருந்தார். கொளஞ்சியப்பன் ஃப்ரேமின் அடியில் ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். தூக்க முடிந்தது. அன்றோடு அவருடைய தூக்கம் போயிற்று.

மறுநாளே ஒரு கோப்பு திறந்தார். 'பொருள்: மிதிவண்டி ஃப்ரேம் கொள்முதல், ஒப்பீட்டு அறிக்கை'. ஸ்டீல், டைட்டானியம், கார்பன் என்று மூன்று பத்திகள். அரசு நடைமுறைப்படி மூன்று கடைகளில் விலைப்புள்ளி. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நாலு மாதம் படித்தார். நல்ல ஃப்ரேமில் இரண்டு வகை உண்டு என்று தெரிந்தது. ஒன்று வேகத்துக்கு, கைப்பிடி தாழ்ந்து ஆளை மடக்கிப் போடும். இன்னொன்று சொகுசுக்கு, முன்பக்கம் சற்று உயர்ந்து, பின்பக்கக் குழாய்கள் மெலிந்து, ரோட்டின் குலுக்கலைத் தானே வாங்கிக்கொள்ளும். கொளஞ்சியப்பனுக்கு இரண்டும் வேண்டும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய கடலூர் ரோட்டில் இடுப்பும் தப்ப வேண்டும், வெள்ளைக்காரரையும் பிடிக்க வேண்டும்.

பாண்டிச்சேரியில் கடை வைத்திருந்த அனுப்பிரியா இந்தக் கோப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் படித்தாள். இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு சைக்கிள் விற்க வந்தவள். பொறுமை இருந்ததில் ஆச்சரியமில்லை.

"சார், கார்பன், சொகுசு வகை. சந்தேகமே வேணாம்" என்றாள். "ஆனா கார்பனோ ஸ்டீலோ அது அப்புறம். மொதல்ல அளவு. அளவு தப்பாப் போச்சுன்னா எவ்ளோ ஒசந்த ஃப்ரேமா இருந்தாலும் சொகுசும் இல்ல, வேகமும் இல்ல. செருப்பக் கழட்டிட்டு அந்தச் செவுத்துல ஒட்டி நில்லுங்க."

சுவரில் பெரிய அளவுகோல் வரைந்திருந்தது. கடையில் கொளஞ்சியப்பனோடு அமராவதியும் இருந்தாள். அவர் சுவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பையைத் திறந்தார். பணிப்பதிவேட்டின் முதல் பக்க நகல், சான்றொப்பத்துடன். இப்படி ஒரு நிலைமை வரும் என்று முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார்.

"சார், ஆளே எதுருல நிக்கறீங்க. பேப்பர் எதுக்கு?"

"ஆளு மாறும்மா. பேப்பர் மாறாது" என்றார் கொளஞ்சியப்பன். இதைத் தந்திரத்துக்காகச் சொன்னார் என்று நினைக்கக் கூடாது. உயிரோடு நேரில் வந்து நின்ற பென்ஷன்தாரர்களிடம், நீங்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றிதழ் எங்கே என்று இருபது வருடமாகக் கேட்டவர் அவர். அவர்களும் போய் வாங்கி வந்து கொடுத்திருக்கிறார்கள்.

அனுப்பிரியா பெருமூச்சு விட்டாள். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

அமராவதி ஸ்டூலை விட்டு அசையவில்லை. கடைக்குள் வந்த நிமிடமே அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவள், டீ வந்தபோதுகூட எழுந்திருக்கவில்லை. "பேப்பர்ல இருக்கறபடியே போட்டுருங்கம்மா" என்றாள், டீ கிளாஸைப் பார்த்தபடி.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய ஃப்ரேம். அனுப்பிரியா பில்லில் எழுதினாள்: 'உயரம் 173, வாடிக்கையாளர் அளித்த சான்றின்படி. மாற்றித் தரப்படாது.' கொளஞ்சியப்பன் கையெழுத்துப் போட்டார். சம்பளக் குழுவின் நிலுவைத் தொகை அந்தக் கையெழுத்தோடு போயிற்று.

சைக்கிள் பாகமெல்லாம் பூட்டி வந்து சேர்ந்தது. அமராவதி எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டாள். கொளஞ்சியப்பன் காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். சீட்டை அடிமட்டம்வரை இறக்கியும் கால் பெடலின் கீழ்வட்டத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. கைப்பிடியோ அடுத்த தெருவில் இருந்தது. கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி நீண்டு தொங்கியபடி தெருமுனை வரை போய்த் திரும்பினார். இறங்கும்போது ஃப்ரேமின் மேல்குழாய் எங்கே இடித்தது என்பதை எழுத வேண்டியதில்லை.

அனுப்பிரியாவுக்குப் போன் போட்டார். "கைப்பிடி கொஞ்சம் தூரமா இருக்குதும்மா."

"நூத்தி எழுபத்து மூணுக்குக் கரெக்டா இருக்குமே சார். உங்களுக்குக் கை குட்டையா?"

அமராவதி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஆமாம்மா, கை குட்டைதான். எங்க குடும்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார் கொளஞ்சியப்பன். செத்துப்போன தகப்பனாரையும் சேர்த்துக் குட்டைக் கையர் ஆக்கினார்.

அந்த வாரமே ராஜமாணிக்கம் பத்திரிகை வைக்க வந்தார். சிதம்பரத்தில் புது வீடு கட்டியிருந்தார். ஆவணியில் கிரகப்பிரவேசம். கூடத்தில் நின்ற சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். கைப்பிடியில் தொங்கிய பில்லை எடுத்துப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"நூத்தி எழுபத்து மூணு ஒசரத்துக்குப் பூட்டுன வண்டியா மாப்ள? அப்ப அந்த ஒசரம் இருக்கறவன்தான் தூரமா ஓட்ட முடியும்."

"ஓட்டிக்கிட்டுத்தான் மச்சான் இருக்கேன்."

"தெருமொனைக்கா? கிரகப்பிரவேசத்துக்கு இதுலயே சிதம்பரம் வாங்க. வந்துட்டீங்கன்னா, ஒசரத்தப் பத்தி சாகறவரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன். வரலன்னா, புது வாசக்கால்ல நிக்க வெச்சு, சொந்தக்காரங்க அத்தன பேரு முன்னாடியும் அளப்பேன். எங்கப்பாருகிட்டக் குடுத்த பேப்பரு இன்னும் என் பீரோவுலதான் இருக்குது."

அமராவதி, "ஏண்ணே, வேற வேல இல்லையா உனக்கு" என்றாள். ஆனால் கொளஞ்சியப்பனின் வாய் முந்திக்கொண்டது. "வரேன் மச்சான்." நாற்பத்தைந்து கிலோமீட்டர். சொன்ன பிறகுதான் தூரம் நினைவுக்கு வந்தது.

கிரகப்பிரவேசத்தன்று விடிந்ததும் கிளம்பினார்கள். முன்னால் சைக்கிளில் கொளஞ்சியப்பன். பின்னால் ஸ்கூட்டியில் சுடிதாரும் ஷூவுமாக அமராவதி. பட்டுப்புடவையும், அவருடைய வேட்டி சட்டை செருப்பும், சீர் கொடுக்க வாங்கிய குத்துவிளக்கும் ஸ்கூட்டியின் காலடியில். முதல் ஐந்து கிலோமீட்டர் அவருக்கே நம்பிக்கை வந்தது. பத்தாவதில் கழுத்து பிடித்தது. ஆலப்பாக்கத்தில் கை மரத்தது. புதுச்சத்திரத்தில் இடுப்புக்குள் ஏதோ ஒன்று சொடுக்கியது. அவர் ஒரு டீக்கடை முன்னால் சைக்கிளை நிறுத்தினார் என்று சொல்வதை விட, சாய்ந்தார் என்று சொல்வது பொருந்தும். அமராவதி பிடித்துக்கொண்டாள்.

பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தாள். அவரால் டீயைக் குனிந்து குடிக்கவும் முடியவில்லை, நிமிர்ந்து குடிக்கவும் முடியவில்லை. இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

"எனக்குக் கை குட்டை இல்ல அமராவதி" என்றார். "ஆளே குட்டை. அந்த நூத்தி எழுபத்து மூணு என்னோடது இல்ல. பக்கத்துல நின்னவனோடது. பத்து சென்டிமீட்டர் பொய் சொல்லி உன்னக் கட்டிக்கிட்டேன்."

அமராவதி ஒரு கரும்பு டிராக்டர் போய் முடியும்வரை காத்திருந்தாள்.

"பத்து எங்கேர்ந்து வந்துச்சு?"

"நீ நூத்தி அறுபத்து மூணு. உனக்குச் சமமா நிக்கறேன்."

"நான் நூத்தி அறுபத்து மூணுன்னு யாரு சொன்னா?"

"உங்கப்பாரு குடுத்த பேப்பர்ல..."

"நூத்தி எழுபத்தொண்ணு" என்றாள் அமராவதி. "காலேஜ் டீம்ல அளந்தது. எந்த மாப்பிள்ளையும் அமையலன்னு அப்பா கொறச்சு எழுதச் சொல்லிட்டாரு. நான் நிமுந்தா குட்டு வெளிப்பட்டுடுமே. அதான் குனிஞ்சு குனிஞ்சே..."

கொளஞ்சியப்பனுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். தான் 163 இல்லை, அதை விட ஜாஸ்தி என்று மனம் ஒரு கணம் துள்ளியது. அடுத்த கணம் அந்தத் துள்ளலுக்காக அவருக்கே வெட்கமாகப் போயிற்று. பத்தொன்பது வருடம். எத்தனை பாட்டில் தைலம்.

"டாக்டர்கிட்ட இதச் சொல்லலையா நீ?"

"என்னான்னு சொல்றது? எங்க வீட்டுக்காரரு பக்கத்துல நிக்கறதால வலிக்குதுன்னா?"

இருவரும் சிரித்தார்கள். அவருக்குச் சிரித்ததில் இடுப்பு வலித்தது, நிறுத்த முடியவில்லை. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அமராவதி எழுந்து, பையிலிருந்த சாவியால் சீட்டைத் தளர்த்தி, நாலு விரற்கடை உயர்த்தி முறுக்கினாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினாள். ஒரு மிதி, இரண்டு மிதி. மூன்றாவதில் வண்டி அவளுக்குப் பிடிபட்டது. கையை நீட்டின இடத்தில் கைப்பிடி இருந்தது. முதுகு எங்கேயும் மடங்காமல் நீளமாக, நேராகக் கிடந்தது. ஸ்கூட்டியில் குத்துவிளக்கைக் காலால் அணைத்துக்கொண்டு பின்னால் போன கொளஞ்சியப்பன், நாலு மாதம் கோப்பு கோப்பாக எழுதிய சொகுசும் வேகமும் என்னவென்று அப்போதுதான் கண்ணால் பார்த்தார். பி.முட்லூர் தாண்டும்போது அவள் ஒரு டவுன் பஸ்ஸை முந்தினாள். கண்டக்டர் படியில் நின்று கையசைத்தார்.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, ஊருக்கு நாலு கிலோமீட்டர் என்று கல் காட்டிய இடத்தில் அமராவதி நிறுத்தி இறங்கினாள். வேர்த்திருந்தது. முகம் காலேஜ் பெண் முகமாக இருந்தது.

"வலிக்கவே இல்லைங்க" என்றாள். பிறகு சீட்டை இறக்கத் தொடங்கினாள். "இனி நீங்க ஏறிக்குங்க. நாலு கிலோமீட்டருதான், பல்லக் கடிச்சுக்கிட்டு வந்துருங்க. அண்ணன் வாயை அடச்ச மாதிரி ஆச்சு. நான் ஸ்கூட்டில வந்துடறேன்."

கொளஞ்சியப்பனுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் போனார். அவர் பக்கத்தில் வர வர, அமராவதியின் தோள் முன்னால் சரிந்தது, கழுத்து உள்ளே போயிற்று, முதுகு வளைந்தது. அவள் அதை அறிந்து செய்யவில்லை. அவர் வந்தால் உடம்பு தானாகச் செய்கிற வேலை அது. கொளஞ்சியப்பன் அதை இதற்கு முன் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பார்? அவர் பக்கத்தில் இல்லாதபோது அவள் எப்படி நிற்பாள் என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"சீட்ட ஏத்து" என்றார்.

"என்னங்க?"

"மறுபடியும் ஏத்து. நீயே ஓட்டிக்கிட்டு வா."

"அண்ணன் எல்லாரு முன்னாடியும் அளப்பாரு."

"அளக்கட்டும்."

புது வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். ராஜமாணிக்கம் பட்டு வேட்டியின் மேல் டேப்பைச் செருகியிருந்தார். முதலில் தங்கை சைக்கிளில் வந்து இறங்கினாள். பின்னாலேயே மாப்பிள்ளை குத்துவிளக்கோடு ஸ்கூட்டியில் வந்தார்.

"என்னா மாப்ள, வண்டி கைமாறிடுச்சு போலருக்கே" என்று ராஜமாணிக்கம் ஆரம்பித்தார்.

கொளஞ்சியப்பன் குத்துவிளக்கை இறக்கி வைத்தார். ஷூவைக் கழற்றினார். மஞ்சள் பூசி மாவிலை கட்டிய வாசற்காலில் முதுகை ஒட்டி நின்றார். "அளங்க மச்சான்."

டேப் இறங்கியது. நூற்று அறுபத்தாறு. பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. "ஏழு சென்டிமீட்டரு" என்றார் ராஜமாணிக்கம், பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி. "ஏழு சென்டிமீட்டரு முழுங்கிட்டுத்தான் எங்க வூட்டுப் பொண்ணக் கட்டுனீங்களா?"

"ஆமா மச்சான். தப்புதான்" என்றார் கொளஞ்சியப்பன். "இப்ப அதே டேப்புல உங்க தங்கச்சிய அளங்க."

அமராவதி வந்து நின்றாள். பழக்கத்தில் லேசாகக் குனிந்தாள். கொளஞ்சியப்பன் அவள் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினார். ராஜமாணிக்கத்தின் கையிலிருந்த டேப் நகரவில்லை. பெண்ணின் குறிப்பை அப்பா சொல்லச் சொல்ல எழுதியது அவர்தான். அந்த 163இன் நகல் அவருடைய கையெழுத்தில் அவருடைய பீரோவிலேயே இருந்தது.

"அளங்கண்ணே" என்றாள் அமராவதி. "எட்டு சென்டிமீட்டரு வரும். பேப்பர எடுத்துட்டு வரவா?"

டேப் சடக்கென்று சுருண்டு பெட்டிக்குள் போயிற்று. "பொங்கல் ஆறுது, எல்லாரும் உள்ள வாங்க" என்று ராஜமாணிக்கம் வீட்டுக்குள் போனார். அன்று பந்தியில் மாப்பிள்ளைக்கு அவரே நின்று இரண்டு தரம் பாயசம் ஊற்றினார்.

கொளஞ்சியப்பன் ஊர் திரும்பியதும், பணிப்பதிவேட்டில் தன் உயரத்தை 166 என்று திருத்தக் கோரி முறைப்படி ஒரு மனு எழுதினார். அந்த மாதிரி மனுக்கள் பரிசீலனைக்கு வருவது அவருடைய மேஜைக்கே. அவர் விதிகளைப் புரட்டினார். இரண்டு நாள் யோசித்தார். பிறகு குறிப்பு எழுதினார்: 'பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கோரப்படாததால் மனுதாரரின் கோரிக்கையை ஏற்க இயலாது.' வட்ட முத்திரையையும் அவரே குத்தினார்.

நகலைக் கொண்டுவந்து அமராவதியிடம் காட்டினார். அவள் அப்போதுதான் தேவனாம்பட்டினம் வரை சைக்கிளில் போய்விட்டு வந்து வாசலில் நின்றிருந்தாள். தைல பாட்டில் அலமாரியில் ஒரு மாதமாகத் திறக்காமல் கிடந்தது.

"அப்ப நீங்க இன்னும் நூத்தி எழுபத்து மூணு" என்றாள் படித்துவிட்டு. "நான் எழுபத்தொண்ணு. பேப்பர்ல இன்னும் நீங்கதான் ஒசரம்."

"பேப்பர்ல" என்றார் கொளஞ்சியப்பன், அவளை அண்ணாந்து பார்த்து. அவள் குனியவில்லை.